இடதுகைக்குத் தெரியாமல் செய்த தர்மம்

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள். யுத்தம் முடிந்து 2010இல் வன்னிக்கு மீளக்குடியேறி வந்த காலத்திலிருந்து அதுதான் வேலை. ஒரு தீப்பெட்டி விற்றாலும் பற்றுச்சீட்டு எழுதி, அடிக்கட்டையை எண்ணி, பின்னேரம் காசுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அப்படிப்பட்ட நான், வெள்ளத்தில் அடிபட்ட சனத்துக்கென்று மற்றவர்கள் தந்த 9 லட்சத்து 65 ஆயிரம் ரூபாவை ஒரு கொப்பியில்கூட எழுதாமல் செலவழித்தேன். கடைசியில் ஐந்து பவுண் நகை அடைவுக்குப் போனது, கள்ளி என்ற பெயரும் வந்தது. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு வேறொரு திருச்சபையைச் சேர்ந்த இரண்டு இளம் பிள்ளைகள் என்னைத் தேடி வந்து, "அக்கா, வெளிநாட்டில இருந்து காசு வருது, எப்பிடிக் குடுக்கிறது எண்டு தெரியேல்லை" என்றார்கள். அன்று இரண்டு மணித்தியாலம் வாயால் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எனக்கு அப்போது இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டரை வருஷ நித்திரை மிஞ்சியிருக்கும்.

2018 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. பின்னேரம் தொடங்கிய மழை இரவு முழுக்க ஒரே பிடியாய் அடித்தது. எங்கள் ஊர் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஊர். மேலே ஒரு சின்னக் குளம், கீழே வயல். இரணைமடுக் குளத்தில் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று போனில் செய்தி வந்தபோது எங்கள் சின்னக் குளமும் வான் பாய்ந்துகொண்டிருந்தது. சாமம் மூன்று மணிக்கு அடுப்படிக்குள் தண்ணீர். விடிந்தபோது கோழிக்கூடுகள் வேலிக்கு மேலாக மிதந்து போயின. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் எங்கள் ஆலயத்தைத் திறந்து, வாங்குகளைச் சுவரோடு அடுக்கி, 42 குடும்பங்களைப் படுக்க வைத்தோம். நத்தார் கேக்குக்கென்று சபைப் பெண்கள் வாங்கி வைத்திருந்த ரவை முழுவதும் அன்று காலை உப்புமாவாகப் போனது. அந்த மூன்று நாளும் நான் செய்த எதிலும் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. சமைத்தோம், ஈரத் துணிகளைக் கயிறு கட்டிக் காயப்போட்டோம், காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தண்ணீருக்குள்ளால் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனோம். பிழை எல்லாம் காசு வந்த பிறகுதான்.

நத்தார் ஆராதனையில் போதகர் ஐயா மத்தேயு 25ஐ எடுத்துப் பிரசங்கித்தார். பசியாயிருந்தேன், போஜனம் கொடுத்தீர்கள் என்கிற பகுதி. வாசலில் நாலு ஆடு கட்டிக் கிடக்க, ஈரப் பாய் மணக்க, அதைக் கேட்டபோது உடம்பு புல்லரித்தது. அன்றிரவே கனடாவிலுள்ள சித்தப்பாவின் மகன் எடுத்தான். நான் அனுப்பிய படங்களைத் தன் கூட்டாளிகளுக்குக் காட்டியிருக்கிறான். "அக்கா, சபைக்கு அனுப்பினால் கொமிற்றி, கூட்டம் எண்டு இழுபடும். உன்ர எக்கவுண்டுக்கே போடுறம். நீதானே கணக்குப்பிள்ளை!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுக்க வேண்டிய இடம் அதுதான். ஜனவரி நடுப்பகுதிக்குள் 8 லட்சத்து 60 ஆயிரம் என் சம்பளக் கணக்கில் விழுந்தது. சபையில் எடுத்த விசேட காணிக்கை 1 லட்சத்து 5 ஆயிரம், கையிலேயே தந்தார்கள். எழுதி வைப்போமா என்று மனதில் வந்தது உண்மை. ஆனால் உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று சின்ன வயதில் பாடமாக்கிய வசனமும் கூடவே வந்தது. தர்மத்துக்குக் கணக்கெழுதினால் அது தர்மமா என்று நினைத்தேன். நேரம் இல்லாததும் சேர்ந்தது. அலுப்புக்கு ஒரு வசனம் கிடைத்தால் அது பக்தியாகிவிடுகிறது.

முதல் பிழை அரிசி. முதல் வாரத்தில் பிரதேச செயலகம் கிராம அலுவலர் மூலம் சமைத்த சாப்பாடும் பிறகு உலர் உணவும் கொடுத்தது. இளைஞர் கழகங்கள் அரிசி கொண்டுவந்தன. தெற்கிலிருந்து லொறியில் அரிசி வந்தது. நானும் 1 லட்சத்து 84 ஆயிரத்துக்கு அரிசி, பருப்பு, சீனி, பாய் என்று வாங்கிப் பொதி கட்டினேன். வீடுகளுக்குத் திரும்பிய சனத்திடம் நாலு மூட்டை அரிசி இருந்தது, அவிக்கப் பானை இல்லை. சேறு அப்பிய அடுப்பு, நனைந்த விறகு. பிள்ளைகளின் கொப்பிகள் கூழாகிக் கிடந்தன. பெண்களுக்கு மாற்று உள்ளுடுப்பும் மாதத் துணியும் இல்லை என்பதை வந்த ஆம்பிளைகள் யாரும் கேட்கவில்லை. பொம்பிளையான நானும் கேட்கவில்லை என்பதுதான் வெட்கம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தண்ணீரோடு போய்விட, ஒவ்வொன்றுக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் பஸ் காசு இல்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். ஆகவே என் அனுபவத்தில், முதல் வாரம் கையால் வேலை செய்யுங்கள், காசை இறுக்கிப் பிடித்து வைத்திருங்கள். சனம் முகாமிலிருந்து வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, உள்ளே என்ன மிச்சமென்று பார்க்கிற நாளில் போய்க் கேளுங்கள். அந்த நாளில் லொறிகள் எல்லாம் திரும்பிப் போயிருக்கும்.

கிணறு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வடிந்த மறுநாளே மோட்டார் வாடகைக்கு எடுத்து வரிசையாகக் கிணறுகளை இறைக்கத் தொடங்கினேன். நிலம் முழுக்கத் தண்ணீர் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை மட்டும் வேகமாக வெறுமையாக்கினால் வெளியிலுள்ள தண்ணீர் சுவரை உள்ளே தள்ளும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது கிணற்றின் கட்டு ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. பிறகு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தலையில் கைவைத்தார். நிலத்து நீர் இறங்கும்வரை பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பிறகு குளோரின் போட வேண்டும், அதுவரை கொதித்தாறிய நீர் என்றார். குளோரினை அவர்களே தந்தார்கள். சேற்று வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை இருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கிணற்று வேலைக்கு 46 ஆயிரம் போனது. அதில் கிட்டத்தட்டப் பாதி நான் சரித்த கட்டைத் திருப்பிக் கட்ட. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் அது மிச்சம்.

இப்போது சொல்லக் கூச்சமான பகுதி. பொதி கொடுத்த நாள். ஆலய வாசலில் மேசை போட்டு, பொதிகளை அடுக்கி, பின்னால் பதாகை கட்டி, முதலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு விநியோகம் என்று ஒழுங்கு செய்தேன். பெயர்ப் பட்டியல் நானே எழுதியது. முதலில் சபைக் குடும்பங்கள், பிறகு தெரிந்தவர்கள், பிறகு மற்றவர்கள். கனடாவுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்பதால் ஒவ்வொருவரையும் பொதியைப் பிடித்தபடி கமராவைப் பார்க்கச் சொன்னேன். பின்வளவில் தனியாக இருக்கிற அம்மம்மா ஒருவர் வெயிலுக்குள் முக்கால் மணித்தியாலம் நின்றார். நெற்றியில் திருநீறு. அதை அவர் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்ததை நான் கண்டேன். ஏன் அம்மா துடைக்கிறீர்கள் என்றேன். "நான் வற்றாப்பளை அம்மாளாச்சியிட்டப் போறனான் பிள்ளை. ஆனா இண்டைக்கு உங்கட பாட்டையும் படிச்சனான். அரிசி தருவியள்தானே?" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் விதி என்று நினைத்திருக்கிறார்.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. 2009இல் நானும் வரிசையில் நின்றவள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், கையில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு, தண்ணீருக்கும் பொதிக்கும் நின்றேன். ஒருநாள் பால்மா தந்தவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படம் உலகத்தில் எங்கேயோ ஒரு கணினியில் இன்றும் இருக்கும். அந்த விரல்களின் சூட்டை நான் மறந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருஷம் கூட ஆகவில்லை, கமராவின் மறுபக்கம் வந்ததும் மறந்துவிட்டேன்.

அடுத்தது மாடு. பொதி கொடுப்பது பிச்சை, வாழ்வாதாரம் கொடுப்பதுதான் சேவை என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பெண்கள் தலைமை தாங்குகிற எட்டுக் குடும்பங்களுக்குச் சினைப் பசு என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தேன், அவர்கள் அல்ல. மாங்குளம் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் ஒன்று 72 ஆயிரம் வீதம் 5 லட்சத்து 76 ஆயிரம். கையில் காசு, வாயில் நன்றி, பற்றுச்சீட்டு இல்லை. லொறியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் பொலிஸ் மறித்தது. மாடு ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரமும் மிருக வைத்தியரின் சான்றும் மாட்டின் உரிமைச் சீட்டும் வேண்டும் என்பது மாடு வளர்க்கிற யாருக்கும் தெரியும்; கணக்கெழுதுகிற எனக்குத் தெரியாது. கடதாசி எல்லாம் ஓடித் திரிந்து எடுக்கும்வரை, மறுநாள் மத்தியானம் வரை, எட்டுப் பசுக்களும் லொறிக்குள் நின்றன. லொறிச் செலவு 31 ஆயிரமாக ஏறியது. வந்து ஐந்தாம் நாள் ஒரு பசுவுக்குக் கழுத்து வீங்கி, எச்சில் ஒழுகி, மூச்சு இழுத்தது. அன்றிரவே செத்தது. இரண்டு நாளில் இன்னொன்று. தொண்டை அடைப்பான் என்றார் மிருக வைத்தியர். மழைக்காலத்தில் வருகிறது, தடுப்பூசி இருக்கிறது, அலைக்கழிந்த மாட்டுக்கு இன்னும் கெதியாகப் பிடிக்கும் என்று விளக்கினார். அவருடைய அலுவலகம் எங்கள் சங்கத்திலிருந்து ஒரு கிலோமீற்றர்கூட இல்லை.

தப்பிய பசுக்களுக்கும் தீனி இல்லை. காலபோக (மாரிகால நெல்) வயல்களில் வெள்ளத்துக்குத் தப்பிய பயிர் நிற்கும்போது மாட்டை அவிழ்த்து விட முடியாது. வன்னியில் பட்டிக்காரர் எல்லாம் அந்த மாதங்களில் காட்டுக்கரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். ஒரு மாட்டோடு ஒரு பெண் எங்கே போவாள்? வைக்கோல் ஊறி அழுகிப் போயிருந்தது, புண்ணாக்கும் தவிடும் விலைக்கு. அறுவடை முடிந்து வயல் திறந்துவிட்ட பிறகு கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது. சனத்திடம் கேட்டிருந்தால் மாடே வேண்டாம், நாலு ஆடு போதும் என்றிருப்பார்கள். பிறகு கேட்டபோது எட்டுப் பேரில் ஐந்து பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஒருவர் தையல் மெஷினைத் திருத்தித் தந்தாலே காணும் என்றார். அதற்கு 4 ஆயிரம்தான் வந்திருக்கும்.

மூன்றாவது கிழமை ஒரு பசுவைக் காணவில்லை. யாருடையதென்று விசாரித்தால், புருஷனை 2009இல் தொலைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஒரு தங்கச்சி. விற்றுவிட்டாள். அதுவும் 45 ஆயிரத்துக்கு. நான் மோட்டார் சைக்கிளை அவள் வளவுக்குள் விட்டு இறங்கியபடியே கத்தத் தொடங்கினேன். யாருடைய காசு தெரியுமா, கனடாவில் பனிக்குள் வேலை செய்து அனுப்பிய காசு, ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம். அவள் திருப்பிக் கத்தவில்லை. உள்ளே போய் மூன்று அட்டைகளை எடுத்து வந்து மாமரத்தடியில் வைத்தாள். மூன்று நுண்கடன் கம்பனி. ஒன்று செவ்வாய், இரண்டு வியாழன். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். வசூலிக்கிற பொடியன் காசு கிடைக்கும்வரை வளவுக்குள் கதிரை போட்டு இருட்டும் மட்டும் இருப்பான். "அக்கா, பசு பால் தர நாலு மாசம். செவ்வாய்க்கிழமை நாலு நாளில வருது" என்றாள்.

நான் அந்த வாக்கியத்தைப் பல தடவை யோசித்திருக்கிறேன். 2018 நடுப்பகுதியில்தான் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்திருந்தது. எங்கள் சங்கத்தில் அதைப் பற்றிக் கதைத்திருக்கிறோம், பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். ஆனால் என் கையால் பசு வாங்கிய ஒருத்தியிடம் உனக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. வன்னியில் யாருக்காவது ஏதாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். எத்தனை இடத்தில், எந்தக் கிழமை, குழுவில் யார் யார். ஆறுதலாக, தனியாக, அட்டையைப் பார்த்து. கடனுள்ள வீட்டில் நீங்கள் வைக்கிற எந்தப் பொருளும் அடுத்த தவணைக்கான காசுதான். அந்த வீட்டுக்கு வேண்டியது பசு அல்ல. கம்பனியோடு பேசித் தவணையைக் குறைக்க ஒரு துணை, முடிந்தால் கூட்டுறவில் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொடுக்க ஒரு வழி. அது என் தொழில், எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதை விட்டுவிட்டு மாடு வாங்கப் போனேன்.

பெப்ரவரி கடைசியில் கனடாவிலிருந்து கணக்குக் கேட்டார்கள். கேட்டது நியாயம். இரவிரவாக இருந்து எழுதினேன். உலர் உணவு 1,84,000. கிணறு 46,000. மாடு 5,76,000. லொறி 31,000. கொட்டிலுக்குத் தகரமும் கம்பும் 57,000. கூட்டினால் 8 லட்சத்து 94 ஆயிரம். 71 ஆயிரம் எங்கே? நான் ஒரு சதம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோக் காசு, செத்த வீட்டுக்குத் தறப்பாள், யாருக்கோ மூக்குக்கண்ணாடி, ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து. கேட்டவருக்கெல்லாம் பையைத் திறந்து கொடுத்தேன். ஆனால் என் சம்பளமும் அதே கணக்கில், என் பை ஒன்றே. எது என் காசு, எது அவர்கள் காசு என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. பற்றுச்சீட்டு இருந்தது சங்கத்தில் வாங்கிய உணவுக்கும் தகரத்துக்கும் மட்டும். ஒரு கிழமையில் முகநூலில் நான் மாட்டுக் கயிற்றைக் கொடுக்கிற படம் வந்தது, நான் எடுப்பித்த அதே படம். மேலே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். கீழே ஒருவர், அரிசி காட்டி மதம் மாற்றுகிறவர்கள் என்று எழுதினார். அம்மம்மா துடைத்த திருநீறு கண்ணுக்குள் வந்தது. மறுத்து எழுத முடியவில்லை.

மார்ச் மாதம் யாருக்கும் சொல்லாமல் காப்பும் சங்கிலியும் அடைவு வைத்து 2 லட்சத்து 15 ஆயிரம் எடுத்தேன். 1 லட்சத்து 44 ஆயிரம் செத்த இரண்டு பசுவுக்கும் பதிலாக அந்தக் குடும்பங்களுக்கு, 71 ஆயிரம் சபைக் கணக்குக்கு. என் கணவருக்குத் தெரிய வந்தது பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை, வெறும் கையோடு வெள்ளைச் சேலை உடுத்தபோது. அவர் ஏசவில்லை. "பிள்ளைக்கு ரியூஷன் காசு கட்டேல்லை எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதமாகக் கட்டவில்லை. தெரியாது எனக்கு. சபையின் விசாரணைக் கூட்டம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் என்று வைத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 21 வந்தது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களுக்குள் குண்டு வெடித்த பிறகு யார் என் 71 ஆயிரத்தைப் பற்றிப் பேசுவார்கள்? எங்கள் ஆலயமும் பூட்டிக் கிடந்தது. ஜூன் வரை நான் குற்றவாளியுமில்லை, சுத்தவாளியுமில்லை. அந்த இரண்டு மாதம்தான் மிகவும் மோசமானது. நகையை மீட்டது 2021 ஒக்டோபரில், வட்டியோடு 2 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம்.

பூட்டிக் கிடந்த நாட்களில் அடுத்த ஊர்க் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த வயதான மாஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வின்சென்ட் டி போல் சபையில் நாற்பது வருஷம் இருந்தவர். 1833இல் பாரிஸில் ஒசானாம் என்கிற மாணவனும் கூட்டாளிகளும் தொடங்கியது அது. ஏழைகளின் வீடுகளுக்குப் போவதுதான் அவர்களுடைய முதல் வேலை, ஒருபோதும் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராய்த்தான் என்றார். "கள்ளன் எண்டு சந்தேகத்தில இல்லைப் பிள்ளை. ஒரு ஆள் கண்டதை மற்ற ஆள் காணாது. அதுக்குத்தான்" என்றார். பிறகு என் வேதாகமத்தை வாங்கி 2 கொரிந்தியர் 8ஐத் திறந்து தந்தார். எருசலேம் சபைக்கான தர்மப் பணத்தைப் பவுல் தான் ஒருவராகக் கொண்டு போகவில்லை. தீத்துவையும், சபைகள் தெரிவுசெய்த ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்புகிறார். தங்களை ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக, என்று காரணமும் சொல்கிறார். பவுலுக்கே துணை ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இடதுகை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னது எக்காளம் ஊதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்து. நான் எக்காளத்தை வைத்துக்கொண்டு கொப்பியைத் தள்ளி வைத்திருந்தேன். மத்தேயு 25இலும் நீதிமான்கள், ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்றுதான் கேட்கிறார்கள், அவர்களுக்கு நினைவில்லை. எனக்கோ யாருக்கு என்ன கொடுத்தேன், யார் நன்றி சொல்லவில்லை என்பது வீடு வீடாகப் பாடம். நன்மைக் கணக்கு இருந்தது, காசுக் கணக்குத்தான் இல்லை.

ஜூனில் கூட்டம் நடந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், திருநீற்றையும் சேர்த்து. போதகர் ஐயா அப்போஸ்தலர் 6ஐ வாசித்தார். முதல் சபையிலேயே பந்தி விசாரிப்பில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள்; ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்; அந்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர் என்றார். அதாவது முறையிட்ட பக்கத்திடமே பொறுப்பு போயிருக்கிறது. அப்படியே செய்தோம். சபையின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. ஐந்து பேர் குழுவில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர், பிள்ளையார் கோயில் பரிபாலன சபையிலிருந்து ஒருவர். பொருளாளர், மாடு விற்ற தங்கச்சி. கொமிற்றியில் இரண்டு பேர் முகம் சுழித்தார்கள். மூன்று கம்பனிக் கணக்கை நாலு வருஷம் தலைக்குள் வைத்திருந்தவளைவிட யாருக்குக் கணக்குத் தெரியும்?

இப்போது நடக்கிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியலைக் கிராம அலுவலரின் பட்டியலோடு ஒப்பிட்டு, யாருக்கு வேறிடத்தில் கிடைத்ததென்று பார்த்து, பொதுநோக்கு மண்டபத்தில் வாசிக்கிறோம். முறைப்பாடு இருந்தால் அங்கேயே. பற்றுச்சீட்டு இல்லாத ஆளிடம் வாங்கினால் வெள்ளைத் தாளில் விலையும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும், கூடப் போனவரின் சாட்சிக் கையெழுத்தும். ஓட்டோக் காசு மாதிரிச் சில்லறைக்கு 5 ஆயிரம் தனி உறையில், உறையின் வெளியே எழுதி. ஜெபம் போகிறதற்கு முதல் எங்களுக்குள். கொடுக்கிற இடத்தில் இல்லை, யாராவது கேட்டால் தவிர. முகம் தெரிகிற படம் இல்லை. கனடாக்காரர் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது மாதம் ஒருமுறை கணக்குத் தாளைப் படமெடுத்து அனுப்புகிறோம், அது போதும் என்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மா, எரிவாயு, மண்ணெண்ணெய் எல்லாம் கைவிட்டபோது இந்த முறையில்தான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினோம். பின்வளவு அம்மம்மா முருங்கையிலை ஆய்ந்து தருவார், திருநீறோடு. இன்னொன்றும்: இந்த வேலையில் இருக்கிறவரின் வீட்டில், மாதத்தில் ஒருநாள், வீட்டுக்காரரிடம் கேளுங்கள் என்ன கட்டவில்லை என்று.

டித்வாவுக்குப் பிறகும் குழு இரண்டு இரண்டு பேராய்ப் போனது. முதல் கிழமை ஒன்றும் வாங்கவில்லை. இரண்டாம் கிழமை பானை 31, கொப்பிக் கட்டு 60, ஆடு ஒன்றும் இல்லை. டிசம்பர் நடுவில் ஒரு வியாழன் பின்னேரம் ஆலய விறாந்தையில் கணக்குப் பார்த்தோம். பொருளாளர் வாசிக்க நான் கூட்டினேன். 40 ரூபா உதைத்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று நான் கொப்பியை மூடப் போனேன். அவள் விடவில்லை. "இருங்கோ அக்கா" என்று சொல்லி உறையைக் கவிழ்த்து, சில்லறையைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். இருட்டி, போன் வெளிச்சம் பிடித்து, அரை மணித்தியாலம். பானை வாங்கப் போன அன்று கடைப் பொடியனுக்கு வாங்கிக் கொடுத்த வெறுந்தேத்தண்ணி. அதை எழுதி, நான் கையெழுத்து வைத்த பிறகுதான் எழும்பினோம்.